வாலாஜாபாத்துக்குப் பெயர் தந்த நவாப்

நாம் வசிக்கும் செவிலிமேட்டிலிருந்து பாலாற்றின் ஓட்டத்தோடு கிழக்கே போனால் வாலாஜாபாத் வரும். ஆற்றை எதிர்த்து மேற்கே போனால், ராணிப்பேட்டையை ஒட்டி வாலாஜாபேட்டை. சென்னைக்குப் போனால் சேப்பாக்கத்தில் வாலாஜா சாலை, திருவல்லிக்கேணியில் வாலாஜா பள்ளிவாசல். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்டுப் போய்ச் சேர்ந்த இடமும் வாலாஜா ரோடு நிலையம்தான். வாலாஜாபாத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் டிக்கெட் எடுத்து அவதிப்பட்டவர்கள் இந்தப் பக்கம் இன்றும் உண்டு.

ஒரே பெயர் இத்தனை இடங்களில் இருக்கிறது. ஆனால் வாலாஜா என்றால் என்ன என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வருகிறது. யாரோ ஒரு ராஜா என்பார்கள். டப்பாவாலா, ரிக்‌ஷாவாலா என்பதில் வரும் வாலாதான் இது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் சரியல்ல. இந்தியில் வரும் வாலா வேறு சொல், அதற்கும் இதற்கும் உறவில்லை. இங்கே உள்ளது வாலா, ஜாஹ் என்ற இரண்டு ஃபார்ஸிச் சொற்கள். வாலா என்றால் உயர்ந்த. ஜாஹ் என்றால் அந்தஸ்து, கண்ணியம். துஆக்களில் நபி (ஸல்) அவர்களின் பொருட்டால் என்று கேட்கும்போது பிஜாஹி என்கிறோமே, அதே ஜாஹ்தான். ஹைதராபாத் நிஜாம்களின் ஆஸஃப் ஜாஹ் என்ற பட்டத்திலும் அது இருக்கிறது. ஆக, வாலா ஜாஹ் என்பது உயர்ந்த அந்தஸ்துடையவர் என்று பொருள்படும் ஒரு பட்டம். தமிழ் நாக்கு கடைசி ஹ்-ஐ விழுங்கிவிட்டது. அதோடு குடியிருப்பு, செழிப்பான இடம் என்று பொருள் தரும் ஆபாத் என்ற ஃபார்ஸிச் சொல் சேர்ந்து வாலாஜாபாத் ஆயிற்று. நம்முடைய பேட்டை சேர்ந்து வாலாஜாபேட்டை ஆயிற்று.

ஊர்ப்பெயர்களை மக்கள் தங்கள் காதுக்கு ஏற்றபடி கேட்டுக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம்தான். துருக்கியின் இஸ்தான்புல், நகரத்துக்கு என்று பொருள்படும் கிரேக்கத் தொடரிலிருந்து வந்தது என்பது மொழியறிஞர்கள் பெரும்பாலோர் முடிவு. உஸ்மானியர் காலத்தில் அதை இஸ்லாம் நிறைந்த ஊர் என்று பொருள்படும்படி இஸ்லாம்போல் என்றும் சொன்னார்கள், 18ஆம் நூற்றாண்டில் நாணயங்களிலும் பொறித்தார்கள். அதே நூற்றாண்டில்தான் நம் ஊர்ப்பக்கத்தில் இந்த வாலாஜா என்ற பட்டமும் ஒருவர் பெயரில் ஏறியது. அவர் பெயர் முஹம்மது அலீ கான். அந்தக் கான் என்பது துருக்கியச் சொல். முஹம்மது, அலீ இரண்டும் அரபு. வாலா ஜாஹ் ஃபார்ஸி. அன்றைய அரசவை ஒருவருக்குப் பெயர் சூட்டினால் மூன்று மொழிகளும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முஹம்மது அலீ 1717இல் டெல்லியில் பிறந்தவர். தந்தை அன்வருத்தீன் கான், அவத் பகுதியிலுள்ள கோபாமவ் என்ற ஊரைச் சேர்ந்த குடும்பத்தவர். நிஜாமின் பணியில் உயர்ந்து 1744இல் கர்நாடக நவாப் ஆனார். இங்கே கர்நாடகம் என்பது இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல. ஆற்காட்டைத் தலைநகராகக் கொண்டு, வடக்கே நெல்லூரிலிருந்து தெற்கே திருநெல்வேலி வரை நீண்ட நாடு. காஞ்சிபுரமும் அதில் அடக்கம்.

1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில் நடந்த போரில் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டார். எதிரே நின்றவர் நவாப் பதவிக்கு உரிமை கோரிய சந்தா சாஹிப். அவருக்குப் பின்னால் புதுச்சேரியின் பிரெஞ்சுக்காரர்கள். மூத்த மகன் மஹ்பூஸ் கான் எதிரிகளிடம் சிக்கினார். இரண்டாம் மகனான முஹம்மது அலீ திருச்சிக் கோட்டைக்குள் ஒதுங்கினார். அப்போது அவருக்கு வயது 32. நாடு கையில் இல்லை, கருவூலம் இல்லை. மிச்சமிருந்தது ஒரு கோட்டையும் தந்தையின் உரிமையும்தான்.

அந்தக் கோட்டைக்குள் இருந்தபடி அவர் எடுத்த இரண்டு முடிவுகள் அவருடைய மீதி வாழ்வையும், ஒரு வகையில் இந்த நாட்டின் வரலாற்றையும் தீர்மானித்தன என்பது நம் கருத்து. முதலாவது, சென்னையிலிருந்த ஆங்கிலக் கம்பெனியிடம் உதவி கேட்டது. இரண்டாவது, மைசூரின் தளவாய் நஞ்சராஜரிடம் படை கேட்டு, வெற்றி பெற்றால் திருச்சியையே தந்துவிடுவதாக வாக்களித்தது.

கம்பெனி கிளைவை ஆற்காட்டுக்கு அனுப்பியது. 1751இல் அங்கே நடந்த 50 நாள் முற்றுகை பள்ளிப் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். பாடத்தில் வராத ஒன்று, அதே ஆண்டின் இறுதியில் காஞ்சிபுரத்தில் நடந்தது. கோட்டை போல மதில் சூழ்ந்த பெரிய கோவிலுக்குள் பிரெஞ்சுப் படை புகுந்து அரண் அமைத்திருந்தது, கிளைவ் பீரங்கிகளோடு வந்து அவர்களை வெளியேற்றினார். யாருக்கு யார் நவாப் என்ற சண்டையில் இந்த நெசவு ஊர் பீரங்கிச் சத்தத்தைக் கேட்க வேண்டியிருந்தது. 1752இல் சந்தா சாஹிப் சரணடைந்தபோது, தஞ்சைத் தளபதி மானோஜியின் ஆட்கள் அவர் தலையை வெட்டினார்கள்.

வென்ற பிறகு முஹம்மது அலீ மைசூருக்குத் தந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. திருச்சியைத் தரவும் இல்லை. அரசியலில் இதெல்லாம் சகஜம் என்று சொல்லிவிடலாம். ஆனால் வாக்குறுதியைப் பற்றி மார்க்கம் நமக்குச் சொல்லித் தந்திருப்பது வேறு. இதற்கான விலையையும் பின்னால் அவர் நாடு கொடுத்தது. திருச்சிக்கு வெளியே ஏமாந்து நின்ற மைசூர்ப் படையில் ஓர் இளம் அதிகாரி இருந்தார். அவர் பெயர் ஹைதர் அலீ.

செவிலிமேட்டில் பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் வந்தவாசிச் சாலை. 1760 ஜனவரி 22 அன்று அந்த வந்தவாசியில் ஆங்கிலேயர் பிரெஞ்சுப் படையை முறியடித்தார்கள். மறு ஆண்டு புதுச்சேரியும் விழுந்தது. 1763இல் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கையில் இரண்டு ஐரோப்பிய அரசுகள் சேர்ந்து முஹம்மது அலீயே கர்நாடகத்தின் நவாப் என்று ஒப்புக்கொண்டன. ஆற்காட்டுக்கு நவாப் யார் என்று பாரிஸில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

1765இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலமின் ஃபர்மான் வந்தது. இனி கர்நாடகம் நிஜாமுக்குக் கட்டுப்பட்டதல்ல, தனி நாடு. கூடவே பட்டங்களும் வந்தன. அமீருல் ஹிந்த், வாலா ஜாஹ். ஃபர்மானைப் பெற்றுத் தந்தது யார் என்று பார்த்தால், அங்கேயும் கிளைவ்தான் நிற்கிறார். பட்டம் தந்த பேரரசரோ அப்போது தன் தலைநகர் டெல்லிக்கே போக முடியாமல் அலகாபாத்தில் ஆங்கிலேயர் பாதுகாப்பில் இருந்தார். உயர்ந்த அந்தஸ்து என்ற பட்டம், தன் அந்தஸ்தை இழந்துகொண்டிருந்த ஒருவரிடமிருந்து வந்தது.

இதற்கெல்லாம் கம்பெனி இலவசமாக உழைக்கவில்லை. போர்ச் செலவு முழுவதும் நவாப் கணக்கில் ஏறியது. 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக எழுதிக் கொடுத்தார். காஞ்சிபுரம் அந்த ஜாகீரில்தான் இருந்தது. பிறகு அதே நிலத்தை அவரே கம்பெனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்து வரி வசூலித்தார். தன் வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டு அதிலேயே வாடகைக்கு இருப்பது போன்ற நிலை. 1768 வாக்கில் ஆற்காட்டை விட்டுவிட்டு, சென்னைக் கோட்டைக்குப் பக்கத்தில் சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக் குடியேறினார். பாதுகாப்புக்காக என்றார்கள். கடன் கொடுப்பவர்களுக்கும் அது வசதியான தூரமாகிவிட்டது.

கடன் என்பதைச் சற்று விளக்க வேண்டும். நவாபின் படையாகக் கம்பெனியின் படையே இருந்தது. அதன் சம்பளத்தை நவாப் தர வேண்டும். தவணைக்குப் பணம் இல்லாதபோது, சென்னையிலிருந்த கம்பெனி அதிகாரிகளே தனிப்பட்ட முறையில் பெரும் வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். காலையில் கம்பெனியின் பெயரால் பாக்கியைக் கேட்டவர், மாலையில் அதைக் கட்டுவதற்கான கடனைத் தன் பெயரில் தருவார். ஈடாக இத்தனை கிராமங்களின் வரி வசூல் உரிமை எழுதி வாங்கப்படும். கடன் கொடுத்தவரின் ஆள் ஊருக்கு வந்து, அறுவடைக்கு முன்பே கெடுபிடி செய்து வசூலிப்பார். சேப்பாக்கத்தில் எழுதிய பத்திரத்தின் பாரம் உழவன் வீட்டு நெல் மூட்டையிலும் நெசவாளன் வீட்டுத் தறியிலும் போய் விழுந்தது. வட்டி ஏன் ஹராமாக்கப்பட்டது என்று மக்தபில் பிள்ளைகள் கேட்டால் நாம் இந்த நவாபின் கதையைச் சொல்வதுண்டு. வாங்கியவர் மாளிகையில் இருந்தார், கட்டியவர்கள் அவரைப் பார்த்ததே இல்லை.

கடன் கொடுத்தவர்களில் பால் பென்ஃபீல்டு என்பவர் பெயர் பெற்றவர். தஞ்சாவூரை 1773இல் நவாபும் கம்பெனியும் சேர்ந்து பிடித்திருந்தார்கள். 1776இல் ஆளுநர் பிகட் பிரபு அதை அதன் அரசருக்கே திருப்பிக் கொடுக்க முனைந்தபோது, தஞ்சை வருவாயில் தனக்குப் பங்கு இருக்கிறது என்று பென்ஃபீல்டு கணக்கை நீட்டினார். தகராறு முற்றி, சென்னை ஆலோசனைச் சபையினரே தங்கள் ஆளுநரைக் கைது செய்தார்கள். அவர் காவலிலேயே மறு ஆண்டு இறந்தார். ஒரு நவாபின் கடன் பத்திரத்துக்கு அவ்வளவு வலிமை இருந்தது. லண்டன் நாடாளுமன்றத்தில் இந்தக் கடன்காரர்களுக்கு ஆதரவாக உறுப்பினர்கள் இருந்தார்கள். நவாபுக்கும் அங்கே முகவர் இருந்தார், ஜேம்ஸ் மாக்பெர்சன் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர். 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி நீண்ட நேரம் பேசி, இது கடனே அல்ல, கொள்ளை என்ற கருத்தை முன்வைத்தார். சபை அவர் பக்கம் சாயவில்லை. பிற்காலத்தில் கர்நாடகக் கடன்களை ஆராய ஆணையம் வைத்தபோது, நவாபுகள் பெயரில் வந்து நின்ற கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்குகூட மெய்யானது என்று ஏற்கப்படவில்லை.

நவாபுக்கு இது புரியாமலிருந்தது என்று சொல்ல முடியாது. கம்பெனியைத் தாண்டி நேரே இங்கிலாந்து அரசரோடு உறவு வைக்க முயன்றார். 1770இல் அரசரின் பிரதிநிதியாக சர் ஜான் லிண்ட்சே சென்னைக்கு வந்து நவாபைச் சந்தித்தபோது கம்பெனிக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. ஆனால் அந்த வழி வெகுதூரம் போகவில்லை.

அவருடைய பெயரால் தெற்கே நடந்தவற்றையும் மறைக்கக் கூடாது. அவருக்காகவும் கம்பெனிக்காகவும் போரிட்டு மதுரையை ஆண்ட மருதநாயகம் என்ற முஹம்மது யூசுஃப் கான், பின்பு அவர்களையே எதிர்த்ததால் 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார். 1772இல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டதும் கம்பெனி, நவாப் படைகளால்தான். கணவரை இழந்த வேலு நாச்சியார் உதவி கேட்டுப் போனது ஹைதர் அலீயிடம்.

அந்த ஹைதர் அலீ 1780இல் மலையிறங்கி வந்தார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் சூழ்ந்து அழித்தார்கள். பக்சார் போரில் வென்று புகழ்பெற்ற ஹெக்டர் மன்றோ, பெரும்படையோடு காஞ்சிபுரத்தில்தான் இருந்தார். உதவிக்குப் போய்ச் சேரவில்லை. கனத்த பீரங்கிகளைக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னையை நோக்கிப் பின்வாங்கினார். ஆங்கிலேயர் இந்தியாவில் அதுவரை அப்படித் தோற்றதில்லை என்று வரலாற்றில் பெருமையாகப் படிக்கிறோம். அதில் தவறில்லை. ஆனால் படைகள் போன வழியெல்லாம் கிராமங்கள் பாழாயின, 1782இல் சென்னைப் பகுதியைப் பஞ்சம் வாட்டியது என்பதும் அதே வரலாற்றில் இருக்கிறது. ஒரு பக்கம் மைசூரின் குதிரைப்படை, மறுபக்கம் கடன்காரர்களின் வசூல். தறியை விட்டு ஓடியவர்களுக்கு எந்தப் பக்கம் நம் பக்கம் என்று கேட்க நேரமிருந்திருக்காது.

போருக்குப் பின்வந்த ஆண்டுகளில் வாலாஜாபாத் கம்பெனியின் ராணுவ முகாமாக வளர்ந்தது. பெயர் நவாபுடையது, கூடாரங்கள் கம்பெனியுடையவை. அன்றைய கர்நாடக அரசு முழுவதுமே அப்படித்தான் இருந்தது. வாலாஜாபேட்டை அதற்கு மாறாக வியாபார ஊராகச் செழித்து 1866இலேயே நகராட்சி ஆயிற்று. நவாப் சூட்டி நிலைக்காமல் போன பெயரும் உண்டு. நத்ஹர் வலீ (ரஹ்) அவர்கள் மீது கொண்ட மதிப்பால் திருச்சிக்கு நத்ஹர்நகர் என்று பெயரிட்டார். அவர் காலத்து ஃபார்ஸி ஏடுகளோடு அது நின்றுவிட்டது. திருச்சி திருச்சியாகவே இருக்கிறது. பழைய ஊரின் பெயரை மாற்ற அரசாணை போதாது போலும், புதிதாய்க் குடியேறியவர்களின் ஊர் என்றால்தான் புதுப்பெயர் ஒட்டுகிறது.

நாம் கல்லூரியில் படித்த வரலாற்றில் இந்த மனிதர் கிளைவுக்கும் தூப்ளேவுக்கும் நடுவே வந்துபோகும் ஒரு நிழல். மத்ரஸாவில் ஓதியபோது வேறொரு வழியாக அவரைச் சந்தித்தோம். உசூலுல் ஃபிக்ஹில் முஸல்லமுஸ் ஸுபூத் நூலுக்கு ஃபவாத்திஹுர் ரஹமூத் என்ற விரிவுரை எழுதிய அல்லாமா அப்துல் அலீ (ரஹ்), பஹ்ருல் உலூம் அதாவது கல்விக்கடல் எனப் புகழ்பெற்றவர். லக்னோவின் ஃபிரங்கி மஹல் உலமாக்கள் குடும்பத்தவர். நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீன் (ரஹ்) அவர்களின் மகன். அவரை மதறாஸுக்கு அழைத்தவர் நவாப் வாலாஜா. அல்லாமா வந்து சேர்ந்த நாளில் நவாப் எதிர்கொண்டு போய், அவர் அமர்ந்திருந்த பல்லக்குக்குத் தாமே தோள் கொடுத்துச் சுமந்தார் என்று ஃபிரங்கி மஹல் குடும்ப வரலாறு சொல்கிறது. எழுபதைத் தாண்டிய வயது அது. பேரரசர் தந்த பட்டத்தைவிட, ஓர் ஆலிமின் பல்லக்கின் கீழ் நின்ற அந்தச் சில அடிகளில்தான் வாலா ஜாஹ் என்ற சொல் அவருக்குப் பொருந்தியது என்று நமக்குத் தோன்றும். ஆலிம் என்பதால் நாம் அப்படிச் சொல்கிறோம் என்று யாரேனும் சொன்னால் மறுக்க மாட்டோம். பஹ்ருல் உலூம் அவர்கள் மதறாஸிலேயே தங்கி ஓதிக் கொடுத்து, 1810இல் வஃபாத்தாகி, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளி வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள்.

அந்தப் பள்ளி 1795இல் கட்டப்பட்டது. மரமோ இரும்போ சேர்க்காமல் கருங்கல்லால் எழுப்பப்பட்டது என்பார்கள். அதன் மிஹ்ராபுக்கு மேலே கட்டிய ஆண்டைக் குறிக்கும் வாசகம் இருக்கிறது. அரபு எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. அப்ஜத் கணக்கு என்பார்கள். அந்த வாசகத்தின் எழுத்துகளைக் கூட்டினால் ஹிஜ்ரி 1209 வரும். திக்ரின் மேன்மையைச் சொல்லிக்கொண்டே ஆண்டையும் சொல்லும் அந்த வாசகத்தை அமைத்துத் தந்தவர் நவாபிடம் பணியாற்றிய ராஜா மக்கன் லால் என்ற ஃபார்ஸிப் புலவர், இந்து. பள்ளிவாசலின் மிஹ்ராபுக்கு எழுத ஓர் இந்துப் புலவரை அமர்த்துவதில் அன்று யாருக்கும் சங்கடம் இருக்கவில்லை.

பள்ளி எழுந்த அதே ஆண்டு, 1795 அக்டோபர் 13 அன்று, நவாப் சேப்பாக்கத்தில் காலமானார். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்தருள்வானாக. வாழ்நாளெல்லாம் கம்பெனியின் பக்கமே நின்றவரை, இறந்த பிறகும் கம்பெனி விடவில்லை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்ததும் திப்புவின் அரண்மனைக் காகிதங்களில் வாலாஜாவும் அவர் மகன் உம்ததுல் உமராவும் எழுதிய இரகசியக் கடிதத் தொடர்பு அகப்பட்டதாகச் சொல்லி, இருவரையும் துரோகிகள் என்றார்கள். உம்ததுல் உமரா 1801 ஜூலையில் இறந்தார். அதே மாதத்தின் கடைசி நாளில் கர்நாடகத்தின் ஆட்சியைக் கம்பெனி முழுதாக எடுத்துக்கொண்டது. அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் எட்வர்ட் கிளைவ், ஆற்காட்டைக் காத்த கிளைவின் மகன். 1855இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்ததும் பட்டமும் போயிற்று. சேப்பாக்கம் மாளிகை அரசிடம் சேர்ந்தது. பிறகு விக்டோரியா அரசி தந்த ஆற்காட்டு இளவரசர் என்ற பட்டம்தான் இன்றுவரை அந்தக் குடும்பத்தில் தொடர்கிறது.

வாலாஜாவின் வரலாற்றை அவர் அவையைச் சேர்ந்த புர்ஹான் கான் என்பவர் துஸுகே வாலாஜாஹி என்ற பெயரில் ஃபார்ஸியில் எழுதினார். எஜமானரின் புகழ் பாடும் நூல் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும். அதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ். முஹம்மது ஹுசைன் நயினார் 1930களில் ஆங்கிலத்தில் பெயர்த்தார். தமிழில் முழுமையாக வந்தால் நம் பிள்ளைகள் படிப்பார்கள்.

நவாபின் உடல் முதலில் மயிலாப்பூரில் அடக்கப்பட்டுப் பின்னர் திருச்சிக்குக் கொண்டுபோகப்பட்டது. நத்ஹர் வலீ (ரஹ்) தர்கா வளாகத்தில் அவருடைய கப்ரு இருக்கிறது. அவருடைய போட்டியாளர் சந்தா சாஹிபின் கப்ரும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது.